சுங்கை சிப்புட் தாமானில் கேபிள் திரும்பு பாதையைச் சீர்செய்த அனுபவம்

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா செல்லும் சாலையோரம், ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற நிலத்தில், இப்போது வரிசை வீடுகளும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களும் கொண்ட ஒரு தாமான் (குடியிருப்பு) இருக்கிறது. அங்கே 186 வீடுகளுக்குத் தொலைக்காட்சியும் இணையமும் ஒரே கோஆக்சியல் கேபிள் வழியாகச் செல்கின்றன. பசாருக்கு அருகில் ஒரு கடைவீட்டின் மாடியில், தொலைக்காட்சியும் இணையமும் வலையமைப்புக்குள் ஏறும் ஹெட்எண்ட் அறை இருக்கிறது. அங்கிருந்து 1.8 கிலோமீட்டர் தூரம் ஃபைபர் (ஒளியிழை) ஓடி, தாமானின் நுழைவாயில் கம்பத்தில் தொங்கும் நோட்டில், அதாவது ஒளியையும் கேபிள் சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பெட்டியில், முடிகிறது. நோட்டிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. வரிசை வீடுகளுக்குச் செல்லும் முதல் கிளையில் சமிக்ஞையைப் பெருக்கும் மூன்று ஆம்ப்ளிஃபயர்களும், அடுக்குமாடிகளுக்குச் செல்லும் இரண்டாம் கிளையில் இரண்டும் இருக்கின்றன. அளவில் சிறிய வலையமைப்பு இது. ஆயினும் மாலை ஏழு மணிக்கு அறுந்து பதினோரு மணிக்குத் திரும்பும் இணையத்தோடு அங்குள்ள குடும்பங்கள் நெடுநாள் போராடியிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிப் பாடம் செய்யும் நேரமும் அதுதான் என்பதால், இந்த வேலையை அரைகுறையாக விடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான்: தொலைக்காட்சிப் படம் கண்ணாடி போல் இருக்கிறது, இணையம் மட்டும் நிற்கிறது. கேபிள் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடும். எங்கள் வலையமைப்பில் 85 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அனைத்தும் ஹெட்எண்டிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் முன்னோக்குப் பாதை. 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டை, வீடுகளிலிருந்து ஹெட்எண்டுக்கு வரும் திரும்பு பாதை. முன்னோக்குப் பாதையில் ஒருவர் பேச ஊரே கேட்கிறது. ஆகவே ஒரு வீட்டில் கோளாறு என்றால் அந்த வீட்டுப் படம் மட்டும் கெடும். திரும்பு பாதையில் ஊரே பேச ஒருவர் கேட்கிறார். மழை பெய்தால் ஒவ்வொரு வாசல் கால்வாயின் சேறும் ஓடி வந்து கடைசியில் ஒரே வாய்க்காலில் விழுவதுபோல, 186 வீடுகளின் இரைச்சலும் நோட்டில் வந்து குவிகிறது. டெசிபெல் என்பது சமிக்ஞை எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அலகு: சம அளவுள்ள இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும், பத்து சேர்ந்தால் 10 டெசிபெல் கூடும். மோசமான ஒரே ஒரு வீடு முழுத் தாமானையும் படுக்க வைத்துவிட முடியும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவில் வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் அடியில் இருப்பது அதைப் பற்றிய தவறான புரிதல்தான். ஹெட்எண்டில், எல்லா வீட்டு மோடங்களோடும் பேசும் சி.எம்.டி.எஸ். கருவி, ஒவ்வொரு மோடத்தின் சமிக்ஞையும் தன் வாசலில் ஒரே அளவில், எங்கள் அமைப்பில் 0 டிபிஎம்வி (ஒரு மில்லிவோல்ட்) அளவில், வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. குறைவாக வந்தால் மோடத்தை உரக்கப் பேசச் சொல்லும், கூடுதலாக வந்தால் தணிந்து பேசச் சொல்லும். ஆகவே வழியிலுள்ள ஓர் ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தை 6 டெசிபெல் கூட்டினால் மோடத்தின் சமிக்ஞை கூடுவதில்லை. மோடம் 6 டெசிபெல் தணிந்துவிடுகிறது. வீடுகளிலிருந்து கசியும் இரைச்சலுக்கு யாரும் கட்டளையிட முடியாது, அது அப்படியே 6 டெசிபெல் உயர்ந்து மேலே வருகிறது. முன்னோக்குப் பாதையில் பழகிய கை, படம் மங்கினால் பெருக்கத்தைக் கூட்டுவது போலத் திரும்பு பாதையிலும் கூட்டும். அப்படிக் கூட்டிய ஒவ்வொரு டெசிபெலும் இணையத்துக்கு எதிராகவே வேலை செய்யும்.

முதல் நாள் எதையும் தொடவில்லை. ஹெட்எண்டில் ஃபைபர் ரிசீவரின் வெளியீட்டில், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை இணைத்து, மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை ஓடவிட்டேன். இரவு எட்டு மணிக்குத் திரையில் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். 9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ் வரை வேலிக் கம்பங்கள் போல நெருக்கமாக நின்றவை சிற்றலை வானொலி நிலையங்கள். 31 மீட்டர் பட்டையில் இரவானால் அவை பலமாகக் கேட்பது இயல்பு, ஆனால் கேபிளுக்குள் அவை தெரிவது எங்கோ கவசம் கிழிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். 8, 16, 24, 32 மெகாஹெர்ட்ஸ் என்று சரியாக 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் கூர்முனைகள் நின்றன. பட்டை முழுவதும் அடியில் கிடக்கும் இரைச்சல் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை துள்ளித் துள்ளி அடங்கியது. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 65 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தெரிந்த மேடு. ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரிலும் நோட்டிலும் இரு பாதைகளின் அலைவரிசைகளைப் பிரிக்கும் டிப்ளெக்ஸ் ஃபில்டர்கள் அந்த எல்லைக்கு மேல் எதையும் திரும்பு பாதையில் விடமாட்டா. அப்படியிருக்க அங்கே ஆற்றல் தெரிகிறது என்றால், அது ஃபில்டர்களைத் தாண்டிய பிறகு, அதாவது திரும்பு சமிக்ஞையை ஒளியாக்கி ஹெட்எண்டுக்கு அனுப்பும் நோட்டின் லேசரிலேயே பிறந்திருக்க வேண்டும். லேசருக்குள் அளவுக்கு மீறிய சமிக்ஞை போகிறது, அது தாங்காமல் அலைகளின் தலையை வெட்டுகிறது.

மோடங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது இன்னொரு முரண்பாடு தெரிந்தது. வரிசை வீடுகளின் மோடங்கள் 41 முதல் 45 டிபிஎம்வி வரை நிதானமாகப் பேசின. அடுக்குமாடிகளில் உள்ளவை 53, 54 என்று தொண்டை கிழியக் கத்தின. அந்த மோடங்கள் 16 குவாம் முறையில் (தரவை அலையில் ஏற்றும் ஒரு முறை, எண் கூடினால் ஏறும் தரவும் கூடும்) 55 டிபிஎம்விக்கு மேல் போக முடியாது, 64 குவாம் என்றால் 54தான் எல்லை. கூரையில் தலை இடிக்க நிற்பவர்கள் மேலும் குதிக்க முடியுமா? மாலையில் முதலில் அறுந்தவை அவைதான்.

மறுநாள் காலையில் ஆம்ப்ளிஃபயர்களைத் திறக்காமல் ஃபைபரிலிருந்து தொடங்கினேன். திரும்பு பாதையைச் சீர்செய்யும்போது ஹெட்எண்டுக்கும் நோட்டுக்கும் இடையிலான ஒளி இணைப்பு முதலில் சரியாக வேண்டும், அதன்பின் நோட்டிலிருந்து வெளிநோக்கி ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயராகப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய நேரிடும். நோட்டின் லேசர் 1310 நானோமீட்டரில் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) ஒளியை அனுப்புகிறது. 1.8 கிலோமீட்டர் ஃபைபரின் இழப்பு ஒரு டெசிபெலைக்கூட எட்டாது, கனெக்டர்களையும் சேர்த்தால் ஹெட்எண்டில் மைனஸ் 2 டிபிஎம் அளவில் வந்திருக்க வேண்டும். ஒளிமானி மைனஸ் 5 காட்டியது.

3 டெசிபெல்தானே என்று தோன்றும். ஒளியில் இழக்கும் ஒவ்வொரு டெசிபெலும் ரேடியோ சமிக்ஞையில் இரண்டு டெசிபெலாக இறங்கும். ஆகவே இங்கே இழந்தது 6. ரிசீவரில் செருகியிருந்த பச்சை நிறக் கனெக்டரைக் கழற்றி, ஃபைபர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் உள்ள மெல்லிய வட்டத்தின் மேல், விரல் ரேகையின் எண்ணெய்ப் படலம் காய்ந்து, அதன் ஓரத்தில் தூசி மணிகள் ஒட்டியிருந்தன. பஞ்சு வராத துணியால் உலரத் துடைத்தேன், போகவில்லை. ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் ஒருமுறை இழுத்து, மீண்டும் உலர்ந்த இடத்தில் ஒருமுறை இழுத்தேன். நுண்ணோக்கியில் வட்டம் தெளிந்தது. ஒளிமானி மைனஸ் 2.1 காட்டியது.

அந்த அழுக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒளிப்பாதையில் 6 டெசிபெல் குறைந்ததும் சி.எம்.டி.எஸ். எல்லா மோடங்களையும் 6 டெசிபெல் உரக்கப் பேசச் சொல்லியிருக்கிறது. அதனால் லேசருக்குள் 6 டெசிபெல் கூடுதலாகப் போய் அது வெட்டத் தொடங்கியிருக்கிறது. வரிசை வீடுகளில் மோடங்கள் எல்லையை நெருங்கியதும், அப்போது பராமரித்தவர்கள் முதல் ஆம்ப்ளிஃபயரின் திரும்பு பேடை, அதாவது சமிக்ஞையைக் குறிப்பிட்ட அளவு குறைக்கும் சிறு செருகியை, பிடுங்கி, அந்த இடத்தில் எதையும் குறைக்காத 0 டெசிபெல் பேடைச் செருகியிருக்கிறார்கள். மோடங்கள் தணிந்தன, அந்த வீடுகளின் இரைச்சல் 6 டெசிபெல் ஏறியது, அந்த இரைச்சல் அடுக்குமாடிகளின் இணையத்தையும் கெடுத்தது. ஒரு விரல் ரேகைக்கு வைத்தியம் செய்யக் கம்பத்தில் ஏறியதால் நோய் ஊர் முழுக்கப் பரவியது. செய்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஹெட்எண்டில் ஒளிமானியை வைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் இரவு, வாடிக்கையாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அளவைச் சீராக்கும் வேலையைத் தொடங்கினோம். தானாக அலைவரிசைகளை வருடி, விடையைக் கைக்கருவிக்கே திருப்பி அனுப்பும் ஸ்வீப் சாதனம் எங்களிடம் இல்லை. இருந்தவை ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர், இரண்டு கைப்பேசிகள். ஹெட்எண்டில் தம்பி ஒருவர் அனலைசரின் முன் அமர்ந்து அளவுகளைப் படித்தார், நான் ஏணியில் நின்று சமிக்ஞையைச் செலுத்தினேன். ஐந்து ஆம்ப்ளிஃபயர்கள் கொண்ட வலையமைப்புக்கு இந்த முறையே போதும், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேர் உரக்கச் சொல்லி எழுதுவதால் பிழையும் குறைகிறது. மோடங்கள் பேசும் அலைவரிசைகளை விட்டு விலகி 8, 20, 50, 62 மெகாஹெர்ட்ஸில் நான்கு தொனிகளை அமைத்துக்கொண்டோம்.

கொள்கை எளியது. முன்னோக்குப் பாதையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் தனக்கு முன்னே கடந்து வந்த கேபிளின் இழப்பை ஈடுகட்டுகிறது, ஆகவே அதன் வெளியீட்டை அளந்து அமைக்கிறோம். திரும்பு பாதையில் அது தனக்குப் பிறகு, நோட்டை நோக்கி வரவிருக்கும் கேபிளின் இழப்பை ஈடுகட்டுகிறது. எனவே எல்லா ஆம்ப்ளிஃபயர்களின் திரும்பு உள்ளீட்டிலும் ஒரே அளவைச் செலுத்தினால், ஹெட்எண்டிலும் ஒரே அளவு தெரிய வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு அளவு 18 டிபிஎம்வி. சோதனைப் புள்ளி 20 டெசிபெல் குறைத்து உள்ளே விடுவது என்பதால் ஜெனரேட்டரில் 38 வைக்க வேண்டும். இதை மறந்து 18ஐயே செலுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் நோட்டின் உள்ளீட்டிலேயே செலுத்தினோம். நான்கு தொனிகளும் அனலைசரில் ஒரு டெசிபெல் வேறுபாட்டுக்குள் சமமாக நின்றன. அந்த அளவை ஆதாரமாக எழுதி வைத்தோம். அதே நேரத்தில், நோட்டில் 18 டிபிஎம்வி போனால் சி.எம்.டி.எஸ். வாசலில் 0 டிபிஎம்வி சேரும்படி ஹெட்எண்டில் ஒரு பேடைச் செருகினோம். மோடங்கள் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் ஹெட்எண்டில் உள்ள இந்தப் பேடுதான், கம்பத்தில் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்து முதல் ஆம்ப்ளிஃபயர். மூடியைத் திறந்ததும் எறும்புப் புற்று ஒன்று பொலபொலவென்று கொட்டியது. மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்த இடம் வழியாக அவை குடியேறியிருந்தன. கோஆக்சியல் கேபிளிலேயே 60 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது என்பதால், உலோகத் தூரிகையைத் தொடாமல் நைலான் தூரிகையால் மெல்லத் தட்டிச் சுத்தம் செய்து, புதிய விளிம்பைப் பொருத்தினேன். இந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து நோட்டுக்கு 240 மீட்டர் தடித்த கேபிள். அதன் இழப்பு 5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.3 டெசிபெல், 65 மெகாஹெர்ட்ஸில் 4.6. வழியில் வீடுகளுக்கு இணைப்புப் பிரித்துக் கொடுக்கும் டேப்களும், கேபிளைக் கிளைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் 8 டெசிபெல் எடுத்துக்கொள்ளும். நோட்டில் 18 சேர வேண்டுமானால் இங்கிருந்து மேல்முனையில் 30.6, கீழ்முனையில் 27.3 புறப்பட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் 20 என்பதால் 18 உள்ளே போனால் 38 வெளியே வரும். இரு முனைகளின் இழப்பு வேறுபாட்டைச் சமன்செய்யும், 3 டெசிபெல் சாய்வு கொண்ட ஈக்குவலைசர் மேல்முனையில் ஒரு டெசிபெல் தின்னும். மீதியைக் கழித்தால் தேவை 6.4 டெசிபெல் பேட். கைவசம் இருந்த 6 டெசிபெல் பேடைச் செருகியதும், "அண்ணே, நாலும் கோட்டுக்கு வந்துருச்சு, அரை டெசிபெல்தான் கூட" என்று தம்பி சொன்னார். கணக்கும் கருவியும் ஒன்றாகப் பேசும் அந்த நொடிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

இரண்டாம் ஆம்ப்ளிஃபயரிலும் 0 டெசிபெல் பேட் இருந்தது, அதற்கு 9 தேவைப்பட்டது. மூன்றாவதில் யாரோ 12 வைத்திருந்தார்கள், தேவை 7. அடுக்குமாடிக் கிளையில் முதல் ஆம்ப்ளிஃபயர் சரியாகவே இருந்தது. அடுத்ததில் தொனிகள் ஒரே கோட்டில் நிற்க மறுத்தன. 50இல் சரியாக வந்தால் 62இல் 2 டெசிபெல் தாழ்ந்தது. ஜெனரேட்டரை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸாக நகர்த்தி எழுதிப் பார்த்தபோது, அளவு அலை போல ஏறி இறங்கியது, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 4 மெகாஹெர்ட்ஸ். சமிக்ஞை கேபிளில் இரண்டு இடங்களில் மோதித் திரும்பினால் இப்படி நடக்கும். அந்த இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தை இதிலிருந்தே சொல்லிவிடலாம்: 150ஐக் கேபிளின் வேக விகிதத்தால் பெருக்கி, மேடுகளின் இடைவெளியால் வகுக்க வேண்டும். அந்தக் கேபிளுக்கு வேக விகிதம் (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.85, ஆகவே ஏறத்தாழ 32 மீட்டர். அடுக்குமாடியின் செங்குத்துக் கேபிளின் கடைசி டேப்பில், முடிவில் திருகியிருக்க வேண்டிய 75 ஓம் டெர்மினேட்டர் இல்லை. அங்கிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தால், தரைத்தளத்துப் படிக்கட்டின் அடியில் ஒரு கவ்வி கேபிளை நசுக்கித் தட்டையாக்கியிருந்தது. இரண்டுக்கும் இடையே அளவு நாடாவில் 31 மீட்டர். நசுங்கிய துண்டை வெட்டி மாற்றி, டெர்மினேட்டரைத் திருகியதும் அலை படுத்துவிட்டது.

அதிகாலை நான்கு மணிக்கு ஐந்து ஆம்ப்ளிஃபயர்களும் ஒரு டெசிபெல் எல்லைக்குள் நின்றன. லேசரின் மேடு மறைந்தது. அடுக்குமாடி மோடங்கள் 47 டிபிஎம்விக்கு இறங்கின, வரிசை வீட்டு மோடங்கள் 43 முதல் 48க்குள் வந்தன. ஆயினும் 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நின்ற கூர்முனைகளும், நொடிக்கொருமுறை துள்ளும் இரைச்சலும் அப்படியே இருந்தன. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அளவைச் சீராக்குவது இரைச்சலைக் கொல்வதில்லை, இரைச்சலைத் தேடத் தகுந்த நிலைக்கு வலையமைப்பைக் கொண்டுவருகிறது. ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் நின்றபோது, எந்தக் கிளை எவ்வளவு இரைச்சல் தருகிறது என்று ஒப்பிடவே முடியாமல் இருந்தது.

கூர்முனைகளின் இடைவெளியே அவற்றின் பிறப்பைச் சொன்னது. பழைய பெட்டிகள் வைத்திருப்பவர்களுக்காக எங்கள் முன்னோக்குப் பாதையில் இன்னும் சில அனலாக் சேனல்கள் போகின்றன, அவற்றின் இடைவெளி 8 மெகாஹெர்ட்ஸ். துருப்பிடித்த ஓர் உலோக இணைப்பு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போல நடந்துகொண்டால், அந்தச் சேனல்கள் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் வேறுபாடு திரும்பு பாதையில் வந்து விழும். சோதிக்க எளிய வழி உண்டு. நான்காம் நாள், மூன்றாம் ஆம்ப்ளிஃபயரின் முன்னோக்குப் பேடைச் சில நொடிகள் மட்டும் பிடுங்கினேன், கூர்முனைகள் சட்டென்று மறைந்தன. மீண்டும் செருகினேன், திரும்பி வந்தன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் என்றால் முன்னோக்குச் சமிக்ஞையை நிறுத்துவதால் அது மறையாது. கோளாறு அந்த ஆம்ப்ளிஃபயரிலோ அதற்குப் பின்னாலோதான் இருந்தது. வெளியீட்டுக் கனெக்டரை விரலால் மெல்ல அசைத்ததும் தம்பி, "ஆடுது அண்ணே, ஆடுது" என்றார்.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது நடுக்கம்பியின் செம்புப் பூச்சின் மேல், கேபிள் நுரையின் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. முதன்முதலில் கேபிளைச் சீவியவர் அதைச் சுரண்டாமலே செருகியிருக்கிறார். இறுக்கும் திருகு அந்தத் தோலின் மேல் பாதியும் செம்பின் மேல் பாதியுமாக உட்கார்ந்து, இடையில் ஈரம் புகுந்து, பச்சையும் கறுப்புமான பொருக்குப் பூத்திருந்தது. பத்துச் சென்டிமீட்டர் பின்னே வெட்டி, நுரைத் தோலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்கினேன். கத்தியால் சுரண்டினால் செம்புப் பூச்சு உரிந்து உள்ளிருக்கும் அலுமினியம் வெளிப்பட்டு, அடுத்த துருவுக்கு அதுவே வழி செய்துவிடும். புதிய கனெக்டரைப் போட்டுத் திருகை இறுக்கியபின், சுருங்கும் உறையை மேலே இழுத்துச் சூடாக்கினேன். எவ்வளவு அசைத்தும் கூர்முனைகள் வரவில்லை.

துள்ளும் இரைச்சலைப் பிடிக்க இரண்டு மாலைகள் ஆயின, ஏனென்றால் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் ஏணியில் ஏற முடியாது. இடி முழங்கும்போது கேபிளைத் தொடவே கூடாது. மழை விட்ட நேரத்தில், முதல் கிளையில் ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரின் திரும்புப் பக்கத்தையும் ஒரு கணம் துண்டித்துப் பார்த்து, இரைச்சல் மூன்றாம் ஆம்ப்ளிஃபயருக்கு அப்பாலிருந்து வருவதைக் கண்டோம். பிறகு டேப் டேப்பாகப் போனதில் அது கடைசி டேப்பில் வந்து நின்றது. டேப்பின் மதிப்பு என்பது வீட்டுக்கும் முதன்மைக் கேபிளுக்கும் இடையே அது குறைக்கும் அளவு. கடைசி டேப் குறைந்த மதிப்புடையது, இங்கே 8 டெசிபெல். ஆம்ப்ளிஃபயருக்கு அருகிலுள்ள 26 டெசிபெல் டேப்பின் பின்னால் இருக்கும் வீட்டைவிட, வரிசையின் கடைக்கோடி வீட்டின் இரைச்சல் 18 டெசிபெல் அதிகச் சுதந்திரத்தோடு உள்ளே வரும். தேடலைக் கடைக்கோடியிலிருந்து தொடங்கினால் பல சமயம் நேரம் மிச்சமாகும்.

அந்த வரிசையின் கடைசி வீட்டில், அந்தக் காலத்தில் இதே நிலத்தில் பால்மரம் சீவிய ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒருவருடைய செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது, காட்டு விலங்குகள் நுழையாமலிருக்க அதைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். கையிலிருந்த சிறிய வானொலியை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். "டக்... டக்... டக்..." என்று கடிகாரம் போல அடித்தது. மின்வேலியின் கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை உயர் அழுத்தத் துடிப்பை அனுப்பும். லாலாங் புல் கம்பியைத் தொட்டாலோ, பீங்கான் வெடித்தாலோ அங்கே தீப்பொறி பறந்து வானொலி இரைச்சலாகச் சிதறும். பாட்டியிடம் கேட்டபோது, "ராத்திரி ஈரம் பட்டா அந்தக் கம்பி சடசடன்னு பொரியும் தம்பி, நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றார்.

ஆனால் வேலி பொரிவது மட்டும் எங்கள் இணையத்தைக் கெடுத்துவிடாது. நல்ல கேபிளின் கவசத்தைத் தாண்டி அந்த இரைச்சல் உள்ளே வராது. பாட்டி வீட்டுத் தகரக் கூரையின் கீழே கையை விட்டுத் தடவியபோது, கேபிள் நடுவில் வெட்டப்பட்டு, நடுக்கம்பிகள் முறுக்கி இணைக்கப்பட்டு, மேலே கறுப்பு நாடா சுற்றியிருந்தது. கவசப் பின்னல்கள் இரு பக்கமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நாடாவைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. பின்னல் விரலுக்கிடையில் சாம்பல்நிறப் பொடியாக உதிர்ந்தது. இத்தகைய கேபிளில் நீர் பின்னலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போயிருக்கும் என்பதால் வெட்டிய இடத்தில் கனெக்டர் போடுவது வீண். பின்னல் வெள்ளி போலப் பளபளக்கும் இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன், இரண்டு மீட்டருக்கும் மேல் போய்விட்டது. டேப்பிலிருந்து வீடுவரை புதிய கேபிளே இழுத்து, அழுத்திப் பொருத்தும் கனெக்டர்களைப் போட்டு, நுழையுமிடத்தில் மழைநீர் சொட்டிவிடக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டேன். வேலியின் உரிமையாளரிடமும் சொன்னோம், அவர் மறுநாளே புல்லை வெட்டி, வெடித்த பீங்கான்களை மாற்றினார்.

அன்றிரவு எட்டு மணிக்கு அனலைசரில் அடியில் தெரியும் இரைச்சல், முதல் நாள் இரவைவிட 17 டெசிபெல் கீழே கிடந்தது. அதுவரை 3.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 16 குவாமில் ஓடிய திரும்புச் சேனலை, 6.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் 64 குவாமுக்கும் மாற்றினோம். கட்டுப்பாட்டுக்கும் பிழைதிருத்தத்துக்கும் செலவாவதைக் கழிக்காமல் பார்த்தால் நொடிக்கு 10.24 மெகாபிட்டிலிருந்து 30.72 மெகாபிட். 15 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சேனல் எதையும் வைக்கவில்லை. அந்தப் பகுதியில் சிற்றலையும் மோட்டார் இரைச்சலும் எக்காலத்திலும் முற்றாக ஒழியாது.

ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரின் மூடியின் உட்புறமும், அதற்குரிய பேட், ஈக்குவலைசர் மதிப்புகளையும் தேதியையும் எழுதி ஒட்டினேன். அதன் கீழே, "மோடத்துக்காக இந்தப் பேடை மாற்றாதீர்கள், முதலில் ஹெட்எண்டில் ஒளி அளவைப் பாருங்கள்" என்றும் எழுதினேன்.

மீதமிருந்தது இரண்டாம் வரிசையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. உரிமையாளர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், இணையச் சந்தா இல்லை, ஆனால் கேபிள் உள்ளே போகிறது, 12 மெகாஹெர்ட்ஸ் அருகே சிறிய மேடு ஒன்று அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உள்ளே போக வழியில்லாததால், 85 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றை அந்த வீட்டுக்குரிய டேப் வாசலில் திருகினேன். அவர் வந்து தொலைக்காட்சியைப் போட்டால் படம் வரும், அந்த வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வராது. ஃபில்டரைச் சாவியால் கடைசிச் சுற்று இறுக்கியபோது, "இறங்கிருச்சு அண்ணே" என்று கைப்பேசியில் குரல் வந்தது. மணி அப்போது இரவு 11.40.